நாலு ஜெரிமியாவுக்கு ஒரு லைசென்ஸ்

நோனி ஹாரிங்டன் காசு கட்டுகிறவள். அவளைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அதுதான். எங்கள் டெரிவானில், வீட்டில் டிவி வைத்திருக்க அரசாங்கம் கேட்கிற லைசென்ஸுக்குக் காசு கட்டுவதும் மழைக்குக் காசு கட்டுவதும் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே தானாக விழுகிறதற்கு எவன் கட்டுவான்? நோனி கட்டினாள். வாத்து முட்டை விற்கிற காசில் வாராவாரம் தபால் ஆபீஸில் ஒரு ஸ்டாம்ப் வாங்குவாள். அதற்கென்றே அவர்கள் தருகிற அட்டையில் ஒட்டுவாள். அட்டை நிறைந்ததும் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு வருஷத்துக்கான லைசென்ஸை வாங்கி வருவாள். இதை அவள் பெருமையாகச் செய்யவில்லை, முனகிக்கொண்டும் செய்யவில்லை. பல் தேய்ப்பது மாதிரி செய்தாள்.

அயர்லாந்தில், மேற்கு கார்க்கின் கோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவில், நாங்கள் ஐந்தே வீடு. நாலு வீட்டில் டிவி இருந்தது. என் வீட்டுப் பெட்டி என்றைக்கோ புகைந்து போயிற்று. நானும் என் வீட்டுக்காரர் டானும் நோனி வீட்டில் போய்த்தான் எல்லாம் பார்ப்போம். அதனால் இந்த விஷயத்தில் என்னை யாரும் பிடிக்க முடியாது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு வீட்டுக்காரர்களுக்கும் ஒரே பெயர், ஜெரிமியா ஹாரிங்டன். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்போம். அந்தத் தாத்தாவுக்கு நாலு பையன்கள், நாலு பேருக்கும் மூத்தது ஆண். நாலு அப்பன்களில் ஒருத்தன்கூட விட்டுக் கொடுக்கவில்லை. அதனால் நாலு ஜெரி. கடலில் போகிறவன் படகு ஜெரி. தலை சிவந்தவன் செம்பட்டை ஜெரி. மேலே மேட்டில் தனிக்கட்டையாக இருப்பவர் மேட்டு ஜெரி. நாலு பேரில் அவர்தான் மூத்தவர். நோனியின் புருஷன் நோனி ஜெரி. ஆம்பளைக்குப் பெண்டாட்டி பெயரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவன் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. மீன்பிடிக் கப்பலில் இரும்புக் கயிறு அறுந்து இடுப்பில் அடித்ததிலிருந்து அவனுக்கு வேலை இல்லை, வீட்டைச் சுமந்ததெல்லாம் அவள்தான். அந்தப் பெயரை அவன் ஒருவகையில் நன்றிக்காகவே வைத்துக்கொண்டிருந்தான் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு எண்ணும் கிடையாது. லைசென்ஸில் 'ஜெரிமியா ஹாரிங்டன், டெரிவான்' என்று மட்டும்தான் இருக்கும். உங்களுக்கே புரிந்திருக்கும்.

முதன்முதலில் இது எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. படகு ஜெரியின் பெண்டாட்டி ஒருநாள் பதறிக்கொண்டு ஓடி வந்து, லைசென்ஸ் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வாசலில் நிற்கிறார், உன் லைசென்ஸைக் கொஞ்சம் கொடு நோனி என்று கேட்டிருக்க வேண்டும். நோனிக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அப்புறம் அதுவே ஏற்பாடாகிவிட்டது. பாலத்தடியில் பார் வைத்திருக்கும் லவ்னி, இன்ஸ்பெக்டர் கார் தாண்டியதும் நோனி வீட்டுக்குப் போன் போடுவார். இன்ஸ்பெக்டர் ரோடு வழியாக வளைந்து வளைந்து வர வேண்டும், வழியில் மாடு போகாமல் இருக்க மூன்று கேட், மூன்றையும் இறங்கித் திறந்து மூட வேண்டும். பின்பக்கம் வயல் வழியே போனால் எல்லா வீடும் கூப்பிடு தூரம். லைசென்ஸ் வயல் வழியே போகும். ஒரு வீட்டில் அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டு அலமாரியில் அது உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கம் வந்த மனுஷனை டீ குடிக்காமல் அனுப்புவது கிடையாது. அதைச் சட்டத்துக்கே விரோதமாகப் பயன்படுத்தினோம் என்று சொன்னால் அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வயலில் ஓடியது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். ஐம்பத்து மூன்று வயதிலும் என் காலுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் கிராமத்துத் தபால் ஆபீஸ் மிஸ் டவ்னிங் ஓய்வு பெறப் போவதாகச் சொன்னாள். அவள் இடத்துக்கு நோனி எழுதிப் போட்டாள். எழுதிப் போட வைத்தது நான். ஊரில் யாருக்குப் பென்ஷன் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அவளிடம்தான் போவார்கள். பத்து விரலால் போட வேண்டிய கணக்கைக் கண்ணை மூடிச் சொல்வாள். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போனவள் அவள். முப்பத்தெட்டு வருஷம் கழித்து முதல்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை, மாதச் சம்பளம். அது கிடைத்தால் ஜெரியின் இடுப்பை நகரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டலாம். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெக், எனக்கு இது வேணும்டி. இதுவரைக்கும் எதையும் இப்படிக் கேட்டதில்ல," என்றாள்.

அடுத்த நாளே இன்னொன்றும் சொன்னாள். இந்த வருஷம் லைசென்ஸ் வெளியே போகக்கூடாது. லைசென்ஸ் விற்கிற ஆபீஸில் உட்காரப் போகிறவள் இந்த வேலை பார்க்கலாமா என்று கேட்டாள். நியாயம்தான் என்று நானும் தலையாட்டினேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. லவ்னி போன் போட்டார். புது ஆள், கார்க் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், பெயர் கோமர்ஃபோர்ட், ஒல்லியாக இருக்கிறார், சிரிக்கவில்லை என்றார். அவர் முதலில் நோனி வீட்டுக்கே வந்தார். லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், நோட்டுப் புத்தகத்தில் நம்பரைக் குறித்துக்கொண்டார், திருப்பிக் கொடுத்தார். நோனி அதை அலமாரி மேல் வைத்துவிட்டு டீயை ஊற்றத் திரும்பினாள். நான் அடுப்பங்கரை ஓரமாக நின்றிருந்தேன். பின் ஜன்னலுக்கு வெளியே செம்பட்டை ஜெரியின் பெண்டாட்டி ஐட்டா மழையில் நனைந்துகொண்டு, கைக்குழந்தையோடு, என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நிற்கிறாள்.

என்ன சொல்ல? கை லைசென்ஸை எடுத்துவிட்டது. ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியே போய்விட்டேன். கதவு தாண்டும்போது நோனி திரும்பிப் பார்த்தாள். டீ கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. அன்றைக்கு அவள் முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

செம்பட்டை ஜெரி வீட்டில் அவர் அதே காகிதத்தைப் பார்த்தார், நம்பரைக் குறித்தார், கேக் தின்றார். படகு ஜெரி வீட்டிலும் பார்த்தார், குறித்தார், இன்னொரு கேக் தின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டு ஜெரி வீட்டுக்கு நான் ஏறும்போது மழை அடித்துக் கொட்டியது. அவர் கையில் கொடுத்தபோது காகிதம் தொட்டால் கிழிந்துவிடும் போல இருந்தது, மை ஓடியிருந்தது. கோமர்ஃபோர்ட் அதை இரண்டு விரலால் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நாலாவது முறையாக நம்பரைக் குறித்துக்கொண்டாராம். மழை உள்ளேயும் பெய்யுதா என்று மட்டும் கேட்டாராம்.

அப்புறம் அவர் ஊர் திரும்பவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் நேரே நோனி வீட்டுக்கு வந்தார்.

அதற்குள் நான் வந்து அடுப்புக்குப் பக்கத்தில், மேஜை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என் ஷூவிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் கதவருகில் நின்று முதலில் அந்த ஷூவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பிறகு மேஜையில் ஈரக் காகிதத்தை விரித்து வைத்தார்.

"இது யாரோடதும்மா?"

நோனி என் பக்கமே திரும்பவில்லை.

"என்னோடது சார். நான்தான் குடுத்து அனுப்பினேன்," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் அவள் என் காலை மிதித்த மிதியில் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவர் உட்கார்ந்தார். நாலு பேரும் ஜெரிமியா ஹாரிங்டன் என்பது தனக்குத் தெரியும், இது எந்த ஜெரிமியாவின் பணத்தில் வாங்கினது என்று தபால் ஆபீஸில் கேட்டால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும், மற்ற மூன்று பேரையும் கோர்ட்டுக்கு அழைக்கலாம், பத்திரிகையில் பெயர் வரும் என்றார். நோனி, தப்பு என்னுடையது, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் கேட்டதால் இல்லை, நான் கொடுத்ததால்தான் நடந்தது என்றாள். ஒரு கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"உங்க பேர் எனக்கு ஏற்கனவே தெரியும்மா. தபால் ஆபீஸுக்கு எழுதிப் போட்டது நீங்கதானே? இந்தப் பக்கம் போறீங்களே, அந்தம்மாவப் பத்தி ரெண்டு வரி எழுதிட்டு வாங்கன்னு மேலிடத்துல சொல்லி அனுப்பினாங்க. இப்ப நான் என்ன எழுதறது?"

நாற்காலியில் இருந்த நோனி ஜெரி, எழுந்திருக்க முடியாதவன், எழுந்திருக்கப் பார்த்தான்.

கோமர்ஃபோர்ட் கெட்டவரில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று, ஆனால் உண்மை. தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: சனிக்கிழமை காலையில் தபால் ஆபீஸில் இருப்பேன். மதியம் பன்னிரண்டுக்குள் டெரிவானில் இருக்கிற ஒவ்வொரு டிவிக்கும் ஒரு லைசென்ஸ் இருந்தால், இன்றைக்கு நான் பார்த்தது மழை. ஒன்று குறைந்தாலும் பார்த்ததை எழுதுவேன்.

வாசலில் நின்று என்னைப் பார்த்து, "நான் காரில்தான் வந்தேன். எனக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்தீங்களே, பெரிய ஆள்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அவர் கார் போனதும் நான் அழுதேன். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். நோனி என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் ஷூவைக் கழற்று, சளி பிடிக்கும் என்றாள்.

மறுநாள் ஒவ்வொரு ஜெரியிடமும் போனேன். நோனி போகவேண்டாம் என்றாள், யாரிடமும் கெஞ்சவேண்டாம், அவர்கள் கட்டினால் கட்டட்டும் என்றாள். நான் கேட்கவில்லை. மூட்டினவளே அணைக்க வேண்டாமா?

செம்பட்டை ஜெரி தலையைச் சொறிந்தான். மலை மறைப்பதால் அவன் வீட்டில் பாதிப் படம்தான் தெரிகிறது, செய்தி வாசிக்கிறவருக்குக் கழுத்துக்கு மேல் கிடையாது, பாதிப் படத்துக்கு முழுக்காசு எந்த ஊர் நியாயம் என்றான். தபால் ஆபீஸ் நோனிக்குக் கிடைக்காவிட்டால் உன் பிள்ளைகளுக்கான உதவிப்பணப் பாரத்தை இனி எவள் நிரப்புவாள் என்று கேட்டேன். உள்ளேயிருந்து ஐட்டா, நான் கட்டுறேன் பெக், கன்றுக்குட்டி விற்ற காசு இருக்கு என்று குரல் கொடுத்தாள்.

படகு ஜெரி, வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் இருக்கிறேன், அங்கே கடல்நாயைத்தான் பார்க்கிறேன், மீனுக்கு லைசென்ஸ், வலைக்கு லைசென்ஸ், பார்க்காத டிவிக்கு வேறா என்று ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி, மீதி மூன்று மாதம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பார்ப்பது யாராம் என்று கேட்டாள். அவ்வளவுதான், அடங்கிவிட்டான். இரண்டு ஆயிற்று.

மூன்றாவது மேட்டு ஜெரி.

அவர் அறுபத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர். அந்த வீட்டில் அவரும் நாயும் டிவியும். பகலில் போனாலும் டிவி ஓடிக்கொண்டிருக்கும், அதோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். கால்பந்து என்றால் உயிர். அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி, கார்க் ஆடுகிறது. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அப்புறம் எழுந்து நின்றார்.

"எங்கப்பன் நாய்க்கு லைசென்ஸ் கட்டினான், துப்பாக்கிக்குக் கட்டினான், ரேடியோவுக்குக் கட்டினான். என் வீட்டுல, என் நாற்காலில, என் கண்ணால பாக்கறதுக்கு எவனுக்கு நான் கட்டணும்? கேட்டு வாங்கினா அது விலை, பெக். மிரட்டி வாங்கினா அது வேற. நான் கட்டமாட்டேன்."

இது நோனிக்காக என்றேன். நோனியைப் பற்றிப் பேசவில்லை, அந்த இன்ஸ்பெக்டரைப் பற்றிப் பேசுகிறேன் என்றார். சரி, காசை நானே போடுகிறேன், உங்கள் பெயரில் வாங்கிவிடுகிறேன் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"என் பேர்ல எவளாவது காகிதம் வாங்கினா அந்த ஆள் முன்னாலயே கிழிச்சுப் போடுவேன். போ கீழ."

போனேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பிடிவாதக்காரன், கல், கிழட்டுக் கழுதை. என் வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுத முடியாது. நோனியிடம் சொன்னபோது அவள், "அவர் அப்படித்தாண்டி. என்னைக்கும் அப்படித்தான். அவர் மேல கோவப்படாத," என்றாள். அவளுக்கு மட்டும் எங்கிருந்துதான் அந்தப் பொறுமை வந்ததோ. அன்றைக்கு வாத்துகளுக்குத் தீனி வைக்கப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், தீனி வாளி நிறைய அப்படியே இருந்தது.

சனிக்கிழமை தபால் ஆபீஸில் கோமர்ஃபோர்ட் பத்து மணிக்கே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஐட்டா வந்து கட்டினாள். படகு ஜெரி பெண்டாட்டியோடு வந்து, ஒவ்வொரு நோட்டையும் இழவு வீட்டில் கைகொடுப்பது மாதிரி கொடுத்துக் கட்டினான். மிஸ் டவ்னிங் ஒரு காலையில் இரண்டு லைசென்ஸ் எழுதியது இதுதான் முதல் தடவை என்றாள். ஊரில் பாதிப்பேர் ஸ்டாம்ப் வாங்க வந்த மாதிரி வந்து, ஸ்டாம்ப் வாங்காமல் நின்றார்கள். நோனி தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டுக்குப் பத்து. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து தரையே தேய்ந்திருக்கும். மேட்டு ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை.

மாதா கோவில் மணி அடித்தது. பன்னிரண்டு.

மூவேளை செபத்துக்கான மணி அடிக்கும்போது எங்கள் ஊரில் யாரும் பேசமாட்டார்கள். எல்லோரும் தலையைக் குனிந்தோம். கோமர்ஃபோர்ட்டும் தொப்பியைக் கழற்றினார். நான் செபம் சொல்லவில்லை, கடவுளிடம் நேராகவே கேட்டேன், இப்படிச் செய்யலாமா என்று. மணி ஓய்ந்தது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நோனி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது வெளியே ஏதோ கிரீச் கிரீச்சென்று சத்தம்.

ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. அதில் பழைய ஓவர்கோட் போர்த்தி என்னவோ இருந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் மேட்டு ஜெரி. நாலு மைல், வழியெல்லாம் பள்ளம், அதனால் ரோட்டை விட்டுக் கடற்கரைப் பாதையில் வந்திருக்கிறார். மூச்சு இரைத்தது. வண்டியை வாசலில் நிறுத்தி, கோட்டை எடுத்தார். உள்ளே டிவி. அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மிஸ் டவ்னிங்கின் தராசைத் தள்ளிவிட்டு, கவுண்டர் மேல் வைத்தார். வயரைச் சுருட்டி அதன் தலையில் வைத்தார்.

கோமர்ஃபோர்டைப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்கு ஒரு பென்னி தரமாட்டேன். ஆனா என்னால இந்தப் பொண்ணு வேலை போகக்கூடாது. என் வீட்டுல டிவி இல்ல. எழுதிக்கங்க."

கோமர்ஃபோர்ட் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். "நாளைக்கு ஃபைனல்," என்றார், மெதுவாக.

"எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். திரும்பி, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நோனி பின்னாலேயே ஓடினாள், கூப்பிட்டாள். அவர் கையை மட்டும் ஆட்டினார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கிழட்டுக் கழுதை என்று சொன்ன வாய் இது. கோமர்ஃபோர்ட் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார், என்ன என்று காட்டவில்லை. மிஸ் டவ்னிங் அந்த டிவியைப் பின்னறையில் வைத்துக் கோட்டைப் போர்த்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நோனி வீட்டில் கூட்டம். டிவிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியை அவள் காலியாகவே வைத்திருந்தாள், யாரையும் உட்கார விடவில்லை. மேட்டு ஜெரிக்கு. அவர் வரவில்லை. இடைவேளையில் நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். கொட்டகையில் ரேடியோவை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இங்கேயே போதும் என்றார். அடுத்த நாளும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நோனி கேக் செய்து கொடுத்தனுப்பினாள், தட்டு மட்டும் கழுவித் திரும்பி வந்தது. எங்கள் எல்லோர் மேலும் அவருக்குக் கோபம், டிவியைப் பறிகொடுத்த கோபம் என்றுதான் நினைத்தோம். நோனிக்கு அது உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்கிற கவலையைவிட அது பெரிதாகப் போயிற்று.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தபால்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார். நோனியால் பிரிக்க முடியவில்லை. நான்தான் கத்தியால் கிழித்தேன். நவம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து பொறுப்பேற்கவும் என்று இருந்தது. நோனி படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்து சிரித்தாள். நோனி ஜெரி நாற்காலியிலிருந்து கையை நீட்டி அவள் தலையைத் தடவிக்கொண்டே, அப்பாடா, அப்பாடா என்றான். எனக்கு மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டுபோன மாதிரி இருந்தது. டீ போட்டோம், தபால்காரருக்கு இரண்டு கோப்பை.

அப்புறம் நான் மேட்டுக்கு ஓடினேன். இந்தத் தடவை ஏப்ரனுக்குள் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை.

மேட்டு ஜெரி கருங்கல் சுவரை அடுக்கிக்கொண்டிருந்தார். கிடைச்சிடுச்சு, ஜெரி என்றேன். அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். என்ன கிடைச்சது என்றார், தெரியாத மாதிரி. தபால் ஆபீஸ் என்றேன். கடிதம் வந்துவிட்டதா, நிச்சயமா, நீயே பார்த்தாயா என்று மூன்று முறை கேட்டார். பார்த்தேன் என்றதும் சுவர் மேல் உட்கார்ந்து, தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மணி அடிச்சதுக்கு அப்புறம்தான் நான் வந்தேன், பெக்," என்றார். "ரோட்டுப் பள்ளத்துல சக்கரம் மாட்டிக்கிச்சு, கடற்கரை வழியா சுத்தி வந்தேன். பன்னெண்டு தாண்டிப் போச்சு. அந்த ஆள் அதைக் கணக்கில எடுத்துட்டானோன்னு இத்தனை நாளா தூக்கமே இல்ல. என்னால போச்சுன்னா அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது? அந்த வீட்டுல எப்படிப் போய் உக்காருவேன்?"

அவர் பக்கத்தில் சுவர் மேல் நானும் உட்கார்ந்துகொண்டேன். நாய் வந்து இருவர் காலடியிலும் படுத்தது.

அன்று மாலை ஆறு மணிச் செய்திக்கு முன்னால் அவர் நோனி வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை வாரியிருந்தார், சுத்தச் சட்டை. உள்ளே வராமல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, டிவியையும் நோனியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க உக்காந்து பாக்கறதுக்கும் ஏதாவது கட்டணுமா?" என்றார்.

நோனி அந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க, ஜெரி," என்றாள். "உங்களோடது கட்டியாச்சு."